மரவட்டையும் அதன் சீட்டும்: ஒரு புதிய இனம் பெயர் பெறும் முறை

பருவமழை தொடங்கிய சில நாட்களுக்குள், ஈரம் தங்கிய சுவர் ஓரங்களிலும், உதிர்ந்த இலைகள் குவிந்து கிடக்கும் இடங்களிலும் மரவட்டைகள் ஊர்ந்து செல்வதைக் காணலாம். மும்பை நகரின் வடபுறத்துக் குன்றுகளிலும், அக்குன்றுகளின் நீரை மாகிம் கழிமுகத்துக்குக் கொண்டு செல்லும் மித்தி ஆற்றை அடுத்த குர்லா போன்ற பகுதிகளிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இப்பிராணி புதியதன்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சிறுவர்கள் இதனை ரயில் பூச்சி என்று அழைப்பர். தொட்டவுடன் வட்டமாகச் சுருண்டு கொள்ளும் இதன் இயல்பை அறியாதவர் இலர்.

எனினும், "இது எந்த இனத்து மரவட்டை?" என்று மாணவன் ஒருவன் கேட்பானாயின், ஆசிரியர் மட்டுமன்றி விலங்கியல் வல்லுநரும் உடனே விடை கூறுதல் அரிது. உலகில் இதுவரை ஏறத்தாழ 12,000 மரவட்டை இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. உண்மையில் வாழும் இனங்கள் இதனினும் பன்மடங்கு இருக்கும் என்பது வல்லுநர் கருத்து. ருஷ்ய நாட்டு விஞ்ஞானி கோலோவாச்சும் ஜெர்மானிய விஞ்ஞானி வெசனரும் 2016-இல் வெளியிட்ட பட்டியலில், இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 270 இனங்கள் இடம் பெற்றன. மலைக் காடுகள் மிகுந்த இப்பெரு நாட்டுக்கு இத்தொகை சிறியதே ஆகும்.

புதிய பிராணி ஒன்றைக் காணுதல் வேறு. அதனை விவரித்துப் பெயரிடுதல் வேறு. முன்னதற்குக் கூர்மையான கண் போதும். பின்னதற்கு ஒழுங்கான சேகரிப்பும், பொறுமையான ஒப்பீடும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பிழையற்ற குறிப்புச் சீட்டும் வேண்டும். பெயரிடும் வேலை ஆராய்ச்சிசாலையில் முடிவு பெறுகிறது. ஆனால் அது தொடங்குவது களப்பணியாளரின் கையில்தான்.

மரவட்டை எத்தகைய பிராணி

மரவட்டை ஒரு பூச்சியன்று, புழுவுமன்று. பூரானைப் போலவே இதுவும் பல கால்களையுடைய கணுக்காலிகளைச் சேர்ந்தது. ஆயினும் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. பூரானின் உடலில் ஒரு கண்டத்துக்கு ஒரு சோடிக் கால்களே இருக்கும். அது வேட்டையாடி உண்ணும். நச்சுக் கொடுக்கால் கொட்டும். மரவட்டையின் உடல் வளையங்கள் பலவற்றில் ஒவ்வொன்றும் இரண்டு கண்டங்கள் இணைந்து உண்டானது. ஆகவே ஒரு வளையத்துக்கு இரண்டு சோடிக் கால்கள் அமைந்துள்ளன. தலையை அடுத்த முதல் வளையத்தில் மட்டும் கால்கள் இல்லை. அதனைத் தொடர்ந்த மூன்று வளையங்களில் ஒவ்வொரு சோடியே உண்டு.

ஆங்கிலத்தில் இதன் பெயருக்கு "ஆயிரங்கால்" என்பது பொருள். ஆனால் நெடுங்காலம் வரை ஆயிரம் கால்களையுடைய மரவட்டை எதுவும் அறியப்படவில்லை. 2021-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில், கனிம ஆய்வுக்காகத் தோண்டப்பட்ட துளையொன்றில், தரையிலிருந்து 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த இனமொன்று விவரிக்கப்பட்டது. அதன் ஒரு மாதிரியில் 1,306 கால்கள் எண்ணப்பட்டன. அப்போதுதான் பெயர் பொருளுடையதாயிற்று.

மரவட்டையின் உணவு பெரும்பாலும் மக்கிய இலைகளும் மரத்துண்டுகளுமே. அவற்றை அரைத்துத் தின்று கழிவாக வெளியேற்றுவதால், பாக்டீரியங்களும் பூஞ்சணங்களும் அப்பொருளை விரைவாகச் சிதைக்க வழி ஏற்படுகிறது. காட்டு மண்ணின் வளம் இவ்வாறு ஓசையின்றிப் புதுப்பிக்கப்படுகிறது.

இப்பிராணி கடிப்பதில்லை. ஆயினும் தற்காப்புக்காக உடலின் இரு பக்கங்களிலுமுள்ள நுண்துளைகளின் வழியே ஒரு நீரைச் சுரக்கும் இனங்கள் பல. உருளை வடிவான பெரிய மரவட்டைகளின் சுரப்பில் குவினோன் வகை இரசாயனப் பொருள்கள் உள்ளன. அவை தோலில் கறையை உண்டாக்கும். தட்டை முதுகுடைய ஒரு வரிசையைச் சேர்ந்தவை ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சைச் சிறிதளவு வெளியிடும். கையால் தொட்டவர் கண்ணைக் கசக்காமல், சோப்பும் நீரும் கொண்டு கையைக் கழுவிக்கொள்ளுதல் நன்று.

மலைதோறும் தனி இனங்கள்

மரவட்டைக்குச் சிறகு இல்லை; விரைவான நடையும் இல்லை. அதன் மேலோட்டில் நீர் வெளியேறாமல் காக்கும் மெழுகுப் படலம் போதிய அளவு இன்மையால், வறண்ட காற்றில் நெடுநேரம் உயிர் வாழ இயலாது. எனவே ஈரமான மலைக் காட்டில் வாழும் இனம், அக்காட்டுக்கும் அடுத்த மலைக்கும் இடையிலுள்ள வெப்பமான சமவெளியைக் கடந்து செல்வது மிக அரிது. பல இலட்சம் ஆண்டுகள் இவ்வாறு பிரிந்து வாழும் கூட்டங்கள் தனித்தனி இனங்களாக மாறிவிடுகின்றன.

இதற்குச் சிறந்த சான்று கிழக்கு ஆப்பிரிக்காவில் கிடைக்கிறது. கென்யாவின் தைத்தாக் குன்றுகள் முதல் தான்சானியாவின் உட்சுங்வா மலைகள் வரை, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மலைத் தொகுதிகள் வில் போல் வளைந்து கிடக்கின்றன. இந்துமாக் கடலிலிருந்து வீசும் ஈரக் காற்று அவற்றின் காடுகளை வளர்க்கிறது. உட்சுங்வா மலைகளில் சேகரிக்கப்பட்ட மரவட்டைகளை, டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து அருங்காட்சியக விஞ்ஞானி ஹென்ரிக் எங்காப் ஆராய்ந்து, 2014 முதல் ஒரு கட்டுரை வரிசையாக வெளியிட்டார். அத்தொகுதியில் விவரிக்கப்பட்ட இனங்களுள் பல அம்மலைகளைத் தவிர வேறெங்கும் காணப்படாதவை. ஒரே மலைத் தொகுதியில், ஒரே பேரினத்தைச் சேர்ந்த இனங்கள் கூட்டமாக வெளிப்பட்டது அறிஞருக்கும் வியப்பை அளித்தது.

நமது மேற்குத் தொடர்ச்சி மலையும் இத்தகைய இடமே. பருவக் காற்றை எதிர்கொள்ளும் இதன் காடுகளும், கணவாய்களால் பிரிக்கப்பட்ட இதன் உயர்ந்த சிகரங்களும், மரவட்டைகள் தனித்தனியே பிரிந்து வளர ஏற்றவை. இங்கு வாழும் பெரிய உருண்டை மரவட்டைகள் ஆர்த்ரோஸ்பியரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. அபாயம் நேரும்போது இவை கோலிக் குண்டுபோல் முழு உருண்டையாகச் சுருண்டு கொள்ளும். இவற்றின் நெருங்கிய உறவினங்கள் மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. கடலைக் கடக்கவியலாத பிராணிகள் கடலின் இருபுறத்தும் உறவு கொண்டிருத்தல், இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்னும் நில நூலார் கூற்றுக்கு இயைந்ததாகும்.

சென்னையில் சேகரிப்பு, பம்பாயில் அச்சு

இந்திய மரவட்டைகளைப் பற்றிய ஒழுங்கான அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருவாயிற்று. அதற்கு முன்னரும் சில பெயர்கள் இடப்பட்டதுண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் கூரை வீடுகளின் ஓலைகளில் கூட்டமாகத் தங்கும் கருப்பும் சிவப்புமான மரவட்டைக்கு, டேனிஷ் அறிஞர் பாப்ரிசியஸ் 1775-இலேயே பெயரிட்டார். ஆயினும் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நிகழ்ந்தவை.

1883-இல் பம்பாயில் எண்மர் கூடி ஓர் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நிறுவினர். 1886 முதல் அச்சங்கம் தனக்கென ஒரு சஞ்சிகையை வெளியிடலாயிற்று. அச்சஞ்சிகையில் 1892-இல், இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆர். ஐ. பொக்காக் என்பவர், இரண்டு சேகரிப்புகளைப் பற்றிய அறிக்கையை எழுதினார். ஒன்று, இலங்கையிலிருந்து ஈ. ஈ. கிரீன் அனுப்பியது, மற்றொன்று, தென்னிந்தியாவின் பல இடங்களிலிருந்து சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அனுப்பியது. மரவட்டைகளும் பூரான்களும் அடங்கிய அச்சேகரிப்புகளிலிருந்து புதிய இனங்கள் பல விவரிக்கப்பட்டன.

பொக்காக் இவ்விடங்களில் தாமே அலைந்து திரிந்து தேடியவர் அல்லர். சேகரித்தவர்கள் வேறு, விவரித்தவர் வேறு. ஒருவர் வேலையின்றி மற்றவர் வேலை பயன்படாது. பம்பாய்ச் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய எச். எம். பிப்சன் பெயரை மேற்கு இந்தியாவின் மரவட்டை ஒன்று இன்றும் தாங்கி நிற்கிறது. ஸ்ட்ரெப்டொகோனோபஸ் பிப்சோனி என்பது அதன் விஞ்ஞானப் பெயர். மழைக்காலத்தில் இதன் இளம் பிராணிகள் பெருங்கூட்டமாகத் திரண்டு ஊர்ந்து செல்வது பலர் கண்ட காட்சியாகும். அவ்வாறே, 1899-இல் இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் உருண்டை மரவட்டைகளைப் பற்றிப் பொக்காக் எழுதிய விரிவான ஆராய்ச்சியும் பம்பாய்ச் சஞ்சிகையிலேயே வெளிவந்தது.

இதன் பின்னர் வந்த பெரும் படைப்பு, வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் அட்டம்ஸ் எழுதியது. 1936-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீடாக அது வந்தது. இந்திய மரவட்டைகளை ஆராய்வோர் இன்றும் இவ்விரு அறிஞரின் பக்கங்களைப் புரட்டாமல் ஓரடியும் முன்செல்ல இயலாது.

ஏழாம் வளையத்தின் சான்று

புதிய இனம் என்று எவ்வாறு அறிவது? நிறத்தைக் கொண்டு முடிவு செய்தல் தவறாகும். ஒரே இனத்தில் நிறம் வேறுபடுதல் உண்டு. ஆல்கஹாலில் இட்டபின் நிறம் மங்கிவிடுதலும் உண்டு. உடல் நீளமும் போதிய சான்றாகாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு மூன்று சோடிக் கால்களே பொதுவாக இருக்கும். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் வளையங்களும் கால்களும் கூடுகின்றன. ஆகவே கால்களை எண்ணி இனத்தை நிச்சயிக்கவும் வழியில்லை.

நம்பத்தக்க சான்று ஆண் பிராணியின் ஏழாம் வளையத்தில் உள்ளது. பெரும்பான்மையான மரவட்டை வரிசைகளில், முதிர்ச்சியடைந்த ஆணின் ஏழாம் வளையத்துக் கால்களில் ஒரு சோடியோ இரு சோடிகளோ நடப்பதற்குப் பயன்படாமல், இனப்பெருக்க உறுப்புகளாக மாறியிருக்கும். அவற்றின் கொக்கிகளும் மடல்களும் முட்களும் இனத்துக்கு இனம் வேறுபட்ட வடிவம் உடையவை. வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இரண்டு மரவட்டைகளை இக்கால்களின் வடிவமே பிரித்துக் காட்டும். உருண்டை மரவட்டைகளில் இதே வேலையைச் செய்யும் கால்கள் உடலின் பின்முனையில் அமைந்துள்ளன.

ஆகவே விவரிப்பவர் முதலில் முதிர்ந்த ஆணைத் தெரிந்தெடுத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் இக்கால்களைக் கவனமாகப் பிரித்தெடுக்கிறார். அவற்றைப் பல கோணங்களில் வரைகிறார். இக்காலத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பினால் படமும் எடுக்கிறார். பிறகு, அப்பேரினத்தில் முன்பு விவரிக்கப்பட்ட எல்லா இனங்களுடனும் ஒப்பிடுகிறார். பழைய விவரணை சுருக்கமாக இருப்பின், அதற்கு ஆதாரமான பழைய மாதிரியை இலண்டனிலோ வியன்னாவிலோ தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். மரபணுச் சோதனையும் இப்போது துணை செய்கிறது. இத்தனைக்குப் பின்னரும் எதனுடனும் பொருந்தாததே புதிய இனம்.

பெயரிடுதலுக்கும் சர்வதேச விதிகள் உண்டு. விலங்குப் பெயர்களின் தொடக்கமாக லின்னேயஸ் எழுதிய நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பு கொள்ளப்படுகிறது. ஒருமுறை ஓர் இனத்துக்கு உரிய முறையில் பெயர் வெளியிடப்பட்டால், பின்னர் அதே இனத்துக்கு இடப்படும் பெயர் பொதுவாக நிலைபெறாது. 1999-ஆம் ஆண்டுக்குப் பின் புதிய இனத்தை வெளியிடுவோர், இன்ன மாதிரியே இப்பெயருக்கு உரியது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இம்மாதிரியை மூல மாதிரி எனலாம். பெயர் பற்றிப் பிற்காலத்தில் ஐயம் எழுமானால், தீர்ப்பு வழங்குவது நூலன்று, அம்மூல மாதிரியே.

சீட்டின் மதிப்பு

மூல மாதிரியுடன் இணைக்கப்பட்ட சிறு சீட்டில் இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை எழுதப்படுகின்றன. இச்சீட்டு எத்தகைய மதிப்புடையது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மரவட்டை இனமொன்றை, குக், லூமிஸ் என்னும் இருவர் 1928-இல் விவரித்தனர். அதன் கால்கள் 750 வரை இருந்தன. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதனை எவரும் காணவில்லை. ஆனால் விவரித்தவர்கள் இடத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்தனர். சலினாஸ் என்னும் ஊருக்கும் சான் வான் பாட்டிஸ்டா என்னும் ஊருக்கும் இடையே மலைமுகட்டைக் கடந்த சிறிது தூரத்தில், ஓக் மரங்கள் நிறைந்த வடக்குச் சரிவில், பெரிய கல் ஒன்றின் அடியில் கிடைத்தது என்பது அக்குறிப்பு. பால் மாரெக் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் 2005-இல் அப்பகுதியில் தேடி அவ்வினத்தை மீண்டும் கண்டெடுத்தார்.

இதற்கு மாறாக, சீட்டில் "பம்பாய்" என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு மாதிரியை எண்ணிப் பார்க்கலாம். பம்பாய் என்றால் கோட்டைப் பகுதியா, குர்லாவின் சதுப்பு ஓரமா, சால்செட் தீவின் காட்டுக் குன்றுகளா? 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய நாளில், குர்லா நகருக்கு வெளியேயிருந்த கிராமம். இன்று அது வீடுகளும் தொழிற்கூடங்களும் செறிந்த இடம். அங்கு வாழ்ந்த சிறு பிராணிகளுள் எவை எஞ்சின, எவை அழிந்தன என்று அறிய விரும்புவோர்க்குப் பழைய சீட்டுகளே சாட்சி. சாட்சி தெளிவாகப் பேசாவிடின், இழப்பு நேர்ந்ததா என்பதைக் கூட நிச்சயிக்க முடியாது.

பெயரும் இடக் குறிப்பும் உடைய இனம் மறைந்து போனால், அதனைத் தேடிச் செல்லவேனும் முடியும். பெயரில்லாத இனம் மறைந்தால் அதனைத் தேடுவாரும் இலர். ஒரே ஒரு மலைச் சரிவில் வாழும் மரவட்டைக்கு, அச்சரிவில் நேரும் ஒரு காட்டழிவே முடிவாகிவிடலாம். களக்குறிப்பு எழுதுவோர் நினைவில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

சட்டமும் காப்பகமும்

தர்ஸ்டன் காலத்துச் சேகரிப்புகள் இலண்டனுக்குச் சென்றன. ஒப்பிட்டு ஆராயும் வசதி அன்று இங்கு இல்லை. 1916 ஜூலை 1-ஆம் நாள் இந்திய விலங்கியல் ஆய்வகம் நிறுவப்பட்டது முதல் இந்நிலை மாறத் தொடங்கிற்று. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இவ்வாய்வகத்துக்குச் சென்னையிலும் புனேயிலும் வட்டார நிலையங்கள் உள்ளன. 2002-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி, புதிய இனத்தைக் கண்டறிவோர் அதற்கெனக் குறிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, ஆதார மாதிரியை அங்கே ஒப்படைத்தல் வேண்டும். இந்திய மண்ணின் பிராணியை ஒப்பிட்டுப் பார்க்க இந்திய மாணவன் கடல் கடந்து செல்ல வேண்டிய நிலை, இனிமேல் விவரிக்கப்படும் இனங்களுக்கு ஏற்படலாகாது என்பதற்கு இது துணை செய்யும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் உரிய அனுமதியின்றி எப்பிராணியையும் எடுத்தல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. அனுமதி பெற்ற சேகரிப்பில் ஈடுபடும் களப்பணியாளர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, ஒரே இடத்தில் கிடைக்கும் பிராணிகளுள் முதிர்ந்த ஆண் இருக்கிறதா என்று பார்த்தல். பல மரவட்டைகளில் பூதக்கண்ணாடி கொண்டு அடிப்புறத்தை நோக்கினால், ஆணின் ஏழாம் வளையத்தில் நடைக்கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளியோ உள்ளடங்கிய உறுப்போ தென்படும். பெண்ணும் குஞ்சும் மட்டும் அடங்கிய சேகரிப்பைக் கொண்டு இனத்தை நிச்சயித்தல் பெரும்பாலும் இயலாது. தேவைக்கு மேல் எடுத்தலும் கூடாது.

இரண்டாவது, சீட்டை உடனே எழுதுதல். மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள ஊர், கடல் மட்டத்துக்கு மேல் உயரம், அட்சரேகை தீர்க்கரேகை, நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றுடன், பிராணி கிடைத்தது கல்லின் அடியிலா, இலைக் குவியலிலா, மரப்பட்டையிலா என்பதையும் குறித்தல் வேண்டும். ஆல்கஹாலில் கரையாத மையினாலோ பென்சிலினாலோ எழுதிய சீட்டைக் குப்பியின் உள்ளேயே இடுதல் வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு ஈரத்தில் உரிந்து போகும்.

மூன்றாவது, உயிருள்ள நிலையில் நிறத்தைக் குறித்துக் கொள்ளுதல். இயன்றால் நிழற்படம் எடுத்தல். நிழற்படம் நிறத்தைக் காக்குமேயன்றி, ஏழாம் வளையத்தின் சான்றுக்கு ஈடாகாது.

ஆசிரியருக்குச் சேகரிப்பே தேவையில்லை. பள்ளித் தோட்டத்தில் மழை தொடங்கிய நாள் முதல் மரவட்டை தோன்றும் தேதிகளையும் இடங்களையும் மாணவர்கள் ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வரலாம். குர்லாவிலோ செம்பூரிலோ உள்ள பள்ளியாயினும், சேர்வராயன் மலையடிவாரத்துப் பள்ளியாயினும், செய்ய வேண்டிய முறை ஒன்றே. ஒரு வளையத்துக்கு எத்தனை கால்கள், தலையை அடுத்த வளையங்களில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தபின் பிராணியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம். பூரானுக்கும் மரவட்டைக்கும் உள்ள வேறுபாட்டை நேரில் கண்ட மாணவன், மரவட்டையைக் கண்டவுடன் மிதித்துக் கொல்ல மாட்டான்.

பல ஆண்டுகள் விடாமல் எழுதப்பட்ட அத்தகைய குறிப்பேட்டையும், தெளிவாக எழுதப்பட்ட ஒரு சீட்டையும், அவற்றை எழுதியவர் அறியாத ஓர் ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் எடுத்துப் பார்ப்பார். தர்ஸ்டன் அனுப்பிய குப்பிகளைப் பொக்காக் திறந்து பார்த்தது போன்றதே அது. அவர் கேட்கப்போகும் முதற் கேள்வி, "இது எங்கே கிடைத்தது?" என்பதாகவே இருக்கும். அதற்கான விடையை இன்றே எழுதி வைத்தல் நம் கையில் உள்ளது.